முத்துக்கள் மட்டும் மாலையாகா



கூடைப்பந்து ஆடும் நம் இளைஞர்கள் தம்முள் அடிக்கடி வாதிடும் பொருள் ஒன்று உண்டு. வெவ்வேறு அணிகளில் ஆடிப் பெயர் பெற்ற சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரே அணியாக நிறுத்தினால், அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு ஒன்றாக ஆடுவார்களா, அல்லது தனித்தனித் திறமையாளர்களாகவே நின்று தோற்பார்களா என்பதே அது. திறமை இருந்தால் போதும், மற்றவை தாமே வரும் என்பார் ஒரு சாரார். ஓர் உறையில் இரண்டு கத்திகள் இரா என்பார் மறு சாரார்.

இவ்வினா ஆடுகளத்தோடு நின்றுவிடுவது அன்று. இரும்புலியூர், பெருங்களத்தூர், சேலையூர், முடிச்சூர் ஆகிய இடங்களில் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நெல்லையிலிருந்து வந்தோர், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தோர், குமரி மாவட்டத்தார், சிவகங்கையார், தஞ்சையார், வேலூரார் எனப் பல திசைகளிலிருந்தும் வந்து வீடு கட்டியவர்களே பெரும்பாலோர். இவர்களுள் ஒருவர் தம் சொந்த ஊரில் பாடகர் குழுவை நடத்தியவர். இன்னொருவர் அங்கே மரியாயின் சேனையில் தலைமை தாங்கியவர். வேறொருவர் திருவிழாக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதியவர். இத்தனை பேரும் இங்கே ஒரே பீடத்தின்முன் கூடுகிறார்கள். இவர்களைச் சேர்த்துவிட்டது தொடர்வண்டியும் ஜி.எஸ்.டி. சாலையும் வேலைவாய்ப்பும். ஆனால் இவர்கள் ஒரு பங்குக் குடும்பமாக ஆவது எவ்வாறு? விளையாட்டு உலகில் நடந்த சில நிகழ்ச்சிகளைத் துணையாகக் கொண்டு இதனை இம்மாதம் ஆராய்வோம்.

ஐவருக்கு ஒரு பந்து

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்பதற்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரே கட்டி, 13 விதிகளை எழுதித் தந்தார். அவ்விதிகளுள் ஒன்று கருதத்தக்கது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது. அதனைப் பெற்ற இடத்தில் நின்றே மற்றொருவருக்கு எறிதல் வேண்டும். பந்தைத் தட்டியவாறு ஓடும் வழக்கம் பின்னர் வந்தது. பிறருக்குக் கொடுத்தலையே அடிப்படையாகக் கொண்டு அமைந்த ஆட்டம் இது என்பது இதனால் விளங்கும். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அக்கல்லூரியின் வழியாக இவ்வாட்டம் நம் பள்ளிகளுக்கும் பரவியது.

கிரிக்கெட்டில் பந்தை எறிபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர். அந்நேரத்தில் மற்றவர்களின் உதவி குறைவாயினும் ஒருவர் தனித்து நின்று சாதித்துவிடக் கூடும். கூடைப்பந்தில் அது அரிது. களத்தில் நிற்பவர் ஐவர், பந்து ஒன்றே. பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் அதனைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆகவே எந்நேரத்திலும் நால்வர் கையில் பந்து இராது. எதிரியின் வழியை மறித்து நின்று தோழனுக்கு இடம் உண்டாக்குதல், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காகத் துள்ளுதல், பந்து தமக்கு வாராது என்று தெரிந்தும் எதிரியை ஏமாற்ற ஓடுதல் ஆகியவை அந்நால்வரின் கடமைகள். தம் பழைய அணியில் பந்து எப்பொழுதும் தம் கைக்கே வரும் என்று பழகிய ஐவரை ஒன்றாக நிறுத்தினால், இக்கடமைகளை யார் செய்வது என்னும் சிக்கல் முதல் நாளிலேயே எழுந்துவிடுகிறது.

ஏலத்தில் பிறந்த அணிகள்

கூடைப்பந்துக்கு வருமுன், நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த ஐ.பி.எல். முதல் ஏலம், நேற்றுவரை எதிரெதிரே நின்ற கிரிக்கெட் வீரர்களை ஒரே நிறச் சட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தது. சென்னை அணி மகேந்திர சிங் தோனியை 15 இலட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றைய ஏலத்தில் அதுவே மிக உயர்ந்த விலை. இலங்கையின் முரளிதரன், ஆஸ்திரேலியாவின் ஹேடன், ஹஸ்ஸி, நியூசிலாந்தின் ஃபிளெமிங் ஆகியோர் நம் பத்ரிநாத்தோடும் பாலாஜியோடும் சேர்ந்து சென்னையின் பெயரால் ஆடினர்.

ஐதராபாத் அணியோ நட்சத்திரங்களால் நிரம்பி வழிந்தது. கில்கிறிஸ்ட், சைமண்ட்ஸ், கிப்ஸ், அஃப்ரிதி, ரோகித் சர்மா ஆகியோர் அதில் இருந்தனர். அணியின் அடையாள வீரர் என்னும் தகுதியும் அதற்குரிய உயர்ந்த ஊதியமும் வி.வி.எஸ். லட்சுமணுக்கு வாய்த்திருந்தன. பிறரை வாங்க அணியிடம் கூடுதல் பணம் இருக்கட்டும் என்று அவர் அத்தகுதியைத் தாமே விட்டுக்கொடுத்தார். அவ்வளவு இருந்தும் 2008-இல் அந்த அணி 14 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று கடைசி இடத்தை அடைந்தது. கோப்பையை வென்றது, எட்டு அணிகளுள் மிகக் குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட ராஜஸ்தான் அணி. ஷேன் வார்னே தலைமை தாங்கிய அந்த அணி, இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னையைத் தோற்கடித்தது.

இதோடு கதை முடிந்திருந்தால், நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒற்றுமை வாராது என்று தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் அடுத்த ஆண்டு நடந்தது யாது? 2008-இல் எட்டாம் இடத்தில் நின்ற ஐதராபாத்தும் ஏழாம் இடத்தில் நின்ற பெங்களூரும் 2009-இல் இறுதி ஆட்டத்தில் ஒன்றையொன்று எதிர்த்தன. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த அவ்வாட்டத்தில் ஐதராபாத் 6 ஓட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்றது. கில்கிறிஸ்ட் தலைவரானார், பயிற்சியாளரும் மாறியிருந்தார். ஆனால் வெற்றிக்குக் காரணமான முக்கிய ஆட்டக்காரருள் பலர் முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் தலைகுனிந்து நின்ற அதே மனிதர்களே.

சென்னை அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. சில ஆட்டங்களில் தவறிய ஒருவரை உடனே ஒதுக்கிவிடாமல் மீண்டும் மீண்டும் வாய்ப்பளிப்பது அவ்வணியின் வழக்கம் என்பர். 2018-இல், இரண்டாண்டுத் தடை நீங்கி மீண்டு வந்த அணியைப் பார்த்து, முதியோர் பட்டாளம் என்று நகைத்தவர் பலர். அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் ஷேன் வாட்சன் முதல் 10 பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. பொறுத்திருந்த அவர் ஆட்டம் முடிந்தபோது 117 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். எனினும் அதே சென்னை அணி 2025-இல் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றதும் உண்மை. ஒருமுறை பெற்ற ஒற்றுமை என்றென்றைக்கும் இருப்பில் கிடக்கும் பொருள் அன்று.

காலம் மட்டுமே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. கோலி, கெய்ல், டி வில்லியர்ஸ் ஆகிய மூவரும் பெங்களூர் அணிக்காகப் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடினர். அவர்கள் காலத்தில் அவ்வணி இருமுறை இறுதி ஆட்டத்தை எட்டியும் கோப்பையைத் தொடவில்லை. மற்ற இருவரும் விலகிய பின்னர், 2025-இல்தான் அது முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. அவ்வாறாயின், காலத்தோடு வேறு எது வேண்டும்? விடையைக் கூடைப்பந்து தருகிறது.

ஏதென்சும் பெய்ஜிங்கும்

ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்க ஆடவர் அணி 2000-ஆம் ஆண்டு வரை இரண்டே ஆட்டங்களில்தான் தோற்றிருந்தது. ஒன்று 1972-இல், மற்றொன்று 1988-இல். 2004-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த ஒரே ஒலிம்பிக்கில் அது மூன்று முறை தோற்றது. முதல் ஆட்டத்திலேயே சின்னஞ்சிறு போர்ட்டோ ரிக்கோ 92–73 என்னும் கணக்கில் அதனை வீழ்த்தியது. பின்னர் லித்துவேனியாவிடமும், அரையிறுதியில் அர்ஜென்டினாவிடமும் தோற்று, வெண்கலத்தோடு ஊர் திரும்பியது.

அந்த அமெரிக்க அணியில் திறமைக்குப் பஞ்சமா? டிம் டங்கன், ஆலன் ஐவர்சன் ஆகிய புகழ்பெற்றவர்களும், லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆந்தனி ஆகிய இளைஞர்களும் அதில் இருந்தனர். ஆனால் அவர்கள் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன்னரே ஒன்றுசேர்க்கப்பட்டவர்கள். மேலும், ஒரே வகைத் திறமை உடையவர் பலர் அதில் கூடிவிட்டனர். எதிரிகளை ஊடுருவிக் கூடையருகே பாயவல்லவர் பலர். தொலைவில் நின்று குறி தவறாமல் எறியவல்லவர் சிலர். இதனை அறிந்த போர்ட்டோ ரிக்கோ கூடையைச் சுற்றி அரண் அமைத்து நின்றது. தொலைவிலிருந்து 24 முறை எறிந்த அமெரிக்கர்களுக்கு மூன்று முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. தங்கம் பெற்ற அர்ஜென்டினா அணியிலோ, ஜினோபிலி, ஸ்கோலா, நோசியோனி, ஓபெர்தோ ஆகியோர் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். தோழன் எத்திசையில் திரும்புவான் என்பதைக் கண்ணால் காணுமுன்னரே அவர்கள் மனம் அறிந்திருந்தது.

தோல்விக்குப் பின் அமெரிக்கர்கள் செய்ததே நாம் கற்கத்தக்க பாடம். 2005-இல் ஜெர்ரி கொலான்ஜெலோ என்பவரிடம் அணியின் முழுப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆட்டக்காரர்களிடம் மூன்று ஆண்டுகளுக்கு வாக்குறுதி கேட்டார். ஒரு கோடைக்கு வந்து பதக்கத்தை வாங்கிச் செல்ல நினைப்பவருக்கு இடம் இல்லை என்றாயிற்று. மைக் சிசெவ்ஸ்கி பயிற்சியாளரானார். சிகாகோவில் போலந்து வழிக் கத்தோலிக்க உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர் அவர். உடனே வெற்றி வந்துவிடவில்லை. 2006 உலகப் போட்டியின் அரையிறுதியில் கிரேக்க அணி 101–95 என்று அவர்களைத் தோற்கடித்தது. எனினும் ஏற்பாட்டைக் கலைக்காமல் தொடர்ந்தனர்.

2008-இல் பெய்ஜிங்கில் அந்த அணி எட்டு ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் ஸ்பெயினை 118–107 என்று வீழ்த்தித் தங்கம் பெற்றது. அந்த அணியின் பன்னிருவருள் ஜேம்ஸ், வேட், ஆந்தனி, பூசர் ஆகிய நால்வரும் ஏதென்சில் தோற்ற அணியில் இருந்தவர்களே. நான்கு ஆண்டுகளில் அவர்கள் வயதும் அனுபவமும் கூடின என்பது உண்மை. அதனினும் பெரியது, ஒவ்வொருவரும் எந்த வேலையை ஏற்றார் என்பதில் நேர்ந்த மாற்றம்.

டுவைன் வேட் 2006-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டியில் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பாராட்டப்பட்டவர். பெய்ஜிங்கில் அவர் தொடக்க ஐவருள் ஒருவராக இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் காத்திருந்து, அழைத்தபோது எழுந்து வந்து ஆடினார். இறுதி ஆட்டத்தில் 27 புள்ளிகள் எடுத்தவரும் அவரே. கோபி பிரையன்ட் அக்காலத்தில் புள்ளிகள் குவிப்பதில் நிகரற்றவர். அவர் பயிற்சி முகாமில் பயிற்சியாளரை அணுகி, எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரைத் தடுக்கும் கடினமான பொறுப்பைத் தமக்குத் தருமாறு வேண்டினார். இதனைச் சிசெவ்ஸ்கியே பின்னர் வெளிப்படச் சொல்லியிருக்கிறார். கத்தோலிக்கராக வளர்ந்த பிரையன்ட் 2020 ஜனவரி 26, ஞாயிறன்று ஹெலிகாப்டர் விபத்தில் தம் மகளோடு இறந்தார். அன்று காலையும் அவர் தம் ஆலயத்திற்குச் சென்று வந்திருந்தார் என்பதை நாம் நினைவுகூரலாம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். விட்டுக்கொடுத்தல் என்றால் இறைவன் தந்த திறமையைப் புதைத்துவிடுதலா? இல்லை. பெய்ஜிங் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஸ்பெயின் நெருங்கி வந்தபோது, அணியைத் தாங்கிப் பிடித்தவர் அதே பிரையன்ட்தான். தம் 20 புள்ளிகளுள் 13-ஐ அப்பகுதியில் எடுத்தார். அவர் தம் திறமையைத் துறந்தாரல்லர். அதனை எப்பொழுது பயன்படுத்துவது என்பதை அணியின் தேவை முடிவுசெய்ய இசைந்தார். தாலந்தைப் புதைத்த ஊழியனைக் கண்டித்த ஆண்டவர், அதனைத் தெருவில் காட்டித் திரிபவனையும் பாராட்டவில்லை அன்றோ?

குறைந்த புள்ளியும் கூடிய பயனும்

இன்னும் ஒரு நிகழ்ச்சி. 2010-இல் ஜேம்ஸ், வேட், கிறிஸ் பாஷ் ஆகிய மூவரும் மயாமி அணியில் சேர்ந்தபோது உலகமே அதனைப் பேசியது. அவர்களின் தொடக்கம் 17 ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி. அப்பருவத்தின் இறுதிப் போட்டியிலும் டல்லாஸ் அணியிடம் தோற்றனர். ஊர் நகைத்தது. அதன் பின்னர், மயாமியில் மூத்தவரான வேட், இனி அணியை நீயே முன்னின்று நடத்து என்று ஜேம்ஸிடம் தாமே கூறி ஒதுங்கி நின்றார். 2012-இலும் 2013-இலும் அந்த அணி கோப்பையை வென்றது.

மூவருள் மிகுதியாக இழந்தவர் பாஷ். பழைய அணியில் கடைசிப் பருவத்தில் அவர் எடுத்தது ஆட்டத்திற்குச் சராசரி 24 புள்ளிகள். மயாமியில் 2012–13 பருவத்தில் அது 16.6 ஆகக் குறைந்தது. தமக்குப் பழக்கமான இடத்தை விட்டு, தம்மினும் பருத்த எதிரிகளோடு மோதும் இடத்தில் அவர் நிற்க நேர்ந்தது. ஏளனமும் மிகுதியாகக் கேட்டார். 2013 ஜூன் 18 அன்று இறுதிப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், மயாமி மூன்று புள்ளிகள் பின்தங்கி நிற்க, முடிய இன்னும் சில விநாடிகளே இருந்தன. ஜேம்ஸ் எறிந்த பந்து தவறியது. கூட்டத்தின் நடுவே துள்ளி அதனைப் பிடித்தவர் பாஷ். அவர் தாம் எறியாமல், மூலைக்குப் பின்வாங்கிய ரே ஆலனுக்கு அதனைக் கொடுத்தார். 5.2 விநாடிகள் எஞ்சியிருக்கையில் ஆலன் எறிந்த பந்து கூடைக்குள் விழ, ஆட்டம் சமமாயிற்று. கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. அடுத்த ஏழாம் ஆட்டத்தில் பாஷ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் அவருடைய அணி கோப்பையை ஏந்தியது.

புள்ளிப் பட்டியலில் சுழியம் பெற்றவர் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. நம் பங்குகளிலும் இத்தகையோர் இருக்கிறார்கள். திருவிழா மலரில் அவர்கள் பெயர் இராது. ஆனால் பூசை முடிந்த பின் பாய்களைச் சுருட்டி வைப்பவர்கள் அவர்களே.

ஆண்டவர் திரட்டிய அணி

நம் ஆண்டவரும் ஓர் அணியைத் திரட்டினார். உரோமை ஆட்சிக்காக வரி தண்டிய மத்தேயுவும், அவ்வாட்சியை வெறுத்த தீவிரர் கூட்டத்தைச் சேர்ந்தவர் எனக் கருதப்படும் சீமோனும் அதில் இருந்தனர். வெளியே சந்தித்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். செபதேயுவின் மக்கள் யாகப்பரும் அருளப்பரும் வலப்புறமும் இடப்புறமும் தமக்கு இருக்கை வேண்டினர். அதனைக் கேட்ட மற்றப் பதின்மரும் சினமுற்றனர். இறுதி இரா உணவின் வேளையிலும் தம்முள் பெரியவர் யார் என்னும் வாக்குவாதம் எழுந்தது என்று லூக்காஸ் எழுதுகிறார். மூன்று ஆண்டுகள் அளவில் ஆண்டவரோடு நடந்தவர்களின் நிலை இது! அப்பொழுதும் அவர் அவர்களைக் கலைத்துவிடவில்லை. துண்டை இடையில் கட்டிக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. காலமும் அன்பும் தரப்பட்டாலும், தன்னை விட்டுக்கொடுக்க மறுப்பவனுக்கு அவை பயன் தரா.

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் உட்பூசலும் கவனிக்கத்தக்கது. கிரேக்க மொழி பேசியவர்களின் கைம்பெண்களுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் குறை நேர்கிறது என்று முறையீடு வந்தது. அப்போஸ்தலர்கள் ஒற்றுமையைப் பற்றி உரையாற்றி அனுப்பிவிடவில்லை. பணிக்கென எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர்களின் பக்கத்தாரிடமே பங்கீட்டின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று நாம் உய்த்துணரலாம். புதியவருக்கு இரக்கம் காட்டுவதினும் பொறுப்பைத் தருவது மேலானது.

நம் புறநகரில்

நாம் வாழும் பகுதியே இன்று புதிதாகத் திரட்டப்பட்டதுதான். நம் செங்கற்பட்டு மறைமாவட்டம் 2002-இல் சென்னை–மயிலை உயர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாயிற்று. தாம்பரம் மாநகராட்சி 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து அமைந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் இன்று அடுக்கு வீடுகள் நிற்கின்றன. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்தல் அரிதன்று.

இந்நிலையில் நம்முள் அடிக்கடி கேட்கும் சொல், "எங்கள் ஊரில்" என்பது. எங்கள் ஊரில் சப்பரம் இப்படித்தான் எடுப்போம். எங்கள் ஊரில் இப்பாட்டுக்கு மெட்டு வேறு. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஈடு உண்டா? சொந்த ஊரின்மீது பற்றுக் கொள்வது நற்பண்பே. அங்கே நம் முன்னோரின் கல்லறைகள் இருக்கின்றன. ஆயினும், திருவிழா வரி அங்கே, மனமெல்லாம் அங்கே, ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் இங்கே என்று வாழ்ந்தால், நாம் இங்கே என்றும் விருந்தாளிகளே. நம் பிள்ளைகளின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. அவர்களுக்கு அந்த ஊர் விடுமுறை ஊர். இந்தப் பங்கோ பெற்றோர் ஒட்டாத பங்கு. எந்த ஆலயத்தை அவர்கள் தம்முடையது என்று சொல்வார்கள்? நள்ளிரவில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், சொந்த ஊரிலிருந்து உறவினர் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அந்த இரவில் கதவருகே வந்து நின்று, மெழுகுதிரி ஏற்றி, செபமாலை தொடங்கப் பக்கத்துத் தெருவில் நமக்கு யார் இருக்கிறார்கள்? பங்கு ஒன்றாக இருக்கிறதா என்பதை அறிய இதனினும் சிறந்த உரைகல் இல்லை.

ஆகையால் ஆடுகளம் கற்பிப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவோம். முதலாவதாக, காலம் தருவோம். புதிய பங்கில் ஓராண்டில் மனம் கசந்து ஒதுங்கிவிட்ட குடும்பங்கள் பல. மூன்று ஆண்டுகள் இங்கேயே நிற்பேன் என்று முடிவு செய்துகொண்டு அன்பியக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். முதல் ஆண்டு கிரேக்கரிடம் தோற்றது போல் மனத்தாங்கல் வரலாம். அதனைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, பணியை ஏற்போம். மனம் ஒத்துப்போன பின்புதான் சேர்ந்து உழைக்க முடியும் என்பது நம்மிடையே உள்ள தவறான எண்ணம். பெரும்பாலும் சேர்ந்து உழைப்பதாலேயே மனம் ஒத்துப்போகிறது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் முதலில் நண்பர்களாகிப் பின்னர்தான் பந்தைத் தொட்டார்கள் என்பதில்லை. ஆண்டுக்கணக்காக ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்துக் கொடுத்தே ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்தனர். நோயுற்ற ஒருவரை இருவர் சேர்ந்து சந்திக்கச் சென்று வருவது, ஒற்றுமையைப் பற்றிய பத்து உரைகளுக்கு நிகர்.

மூன்றாவதாக, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெளிவாக அறிந்து விட்டுக்கொடுப்போம். பொதுவாக விட்டுக்கொடுப்பேன் என்பவர் எதையும் விட்டுக்கொடார். லட்சுமண் ஒரு தகுதியை விட்டார். வேட் தொடக்க இடத்தை விட்டார். பாஷ் ஏழு புள்ளிகளுக்கு மேல் விட்டார். அவ்வாறே, இருபது ஆண்டுகள் பாடகர் குழுவை நடத்தியவர், இவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் இளைஞன் ஒருவன் முன்னின்று நடத்தட்டும், நான் பின்வரிசையில் நின்று பாடுகிறேன் என்று சொல்லலாம். திருவிழாக் குழுவின் மூத்தவர்கள், சென்ற ஆண்டு குடிவந்த ஒருவரிடம் கணக்கு ஏட்டை நம்பி ஒப்படைக்கலாம். எப்பொழுதும் வாசகம் வாசிப்பவர், வாசிக்கத் தயங்கும் ஒரு தாய்க்கு அவ்விடத்தைத் தந்து, வீட்டில் அவருக்குப் பயிற்சியும் அளிக்கலாம்.

புனித சின்னப்பரும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டு மனம் வேறுபட்டுப் பிரிந்தனர். ஆனால் பின்னாளில் சிறையிலிருந்த சின்னப்பர், தம் பணிக்குப் பயன்படுபவர் என்று சொல்லி அதே மாற்குவைத் தம்மிடம் அழைத்துவரச் செய்தார். உங்கள் பங்கிலும் பழைய மனத்தாங்கலால் பேச்சு நின்றுபோன ஒருவர் இருக்கக்கூடும். மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பழைய கணக்குகள் எழும். வரும் ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவரை அணுகி, ஏதேனும் ஒரு பணியில் அவருடைய உதவியைக் கேளுங்கள். பந்தை அவர் பக்கம் எறிந்தாயிற்று. அவர் அதனைத் திருப்பித் தரும்வரை பொறுத்திருங்கள்.